சீவகன் கண்ட கட்டியங்காரன்

சீவக சிந்தாமணியை நம் இல்லங்களில் எடுத்து வைத்துப் படிக்குங்கால் நாம் பெரும்பாலும் சீவகனையே படிக்கின்றோம். அவன் யாழில் வென்றது, அசனிவேகம் என்னும் மதகளிற்றை அடக்கியது, உயிர் போகும் தறுவாயில் கிடந்த நாயின் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதி அதனைத் தேவகதிக்கு உய்த்தது ஆகிய இவையெல்லாம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். கட்டியங்காரனை எவரும் படிப்பதில்லை. அவன் தீயவன், நம்பிய மன்னனைக் கொன்றான், முடிவில் கொல்லப்பட்டான் என்று மூன்று சொற்றொடரில் அவன் கதையை முடித்துப் பக்கத்தைத் திருப்பிவிடுகின்றோம்.

ஆனால் திருத்தக்கதேவர் அவனை அவ்வாறு முடிக்கவில்லை. பதின்மூன்று இலம்பகங்களும் 3145 செய்யுள்களும் கொண்ட அப்பெருநூலில், பத்தாவதாகிய மண்மகள் இலம்பகத்திலேயே கட்டியங்காரன் களத்தில் வீழ்ந்துவிடுகின்றான். அதன்பின் பூமகள், இலக்கணையார், முத்தி என மூன்று இலம்பகங்கள் உள. பகைவன் இறந்தபின் பகைவனைப் பற்றிய பேச்சு எதற்கு? ஆயினும் இறுதியாகிய முத்தியிலம்பகத்தில், கதையே திரும்புகின்ற ஓரிடத்தில், கட்டியங்காரன் பெயர் மீண்டும் எழுகின்றது. அதனை எழுப்புகின்றவன் வேறெவனும் அல்லன், சீவகனே. அந்த ஓரிடத்தைத்தான் இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொள்கின்றோம். அதனைத் தெளிவாகக் காண, கதையின் தொடக்கத்துக்குச் சிறிது செல்ல வேண்டும்.

ஏமாங்கத நாட்டின் தலைநகர் இராசமாபுரம். அதனை ஆண்ட சச்சந்தன் வீரமும் கல்வியும் உடையவன்; குடிகளுக்குத் தீங்கு செய்தவன் அல்லன். அவனிடம் இருந்த குறை ஒன்றே. அரசி விசயையின்மீது கொண்ட பேரன்பு பற்றாக முற்றி, அவளை விட்டுப் பிரிந்து அவைக்கு வருவதும் அவனுக்குச் சுமையாயிற்று. ஆட்சியை அமைச்சனாகிய கட்டியங்காரன் கையில் ஒப்படைத்தான். நிமித்திகன் என்னும் அமைச்சன், அரசர் தம் பொறுப்பைப் பிறர் கையில் விடுதல் நன்றன்று என எடுத்துக் கூறினான், மன்னன் கேளான். கட்டியங்காரன் எங்கிருந்தோ படையெடுத்து வந்த அயலவன் அல்லன் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். மன்னனின் பற்றுதான் அவனுக்கு வாயிலைத் திறந்து விட்டது. வாயிலைத் திறந்தவர் ஒருவர், நுழைந்தவர் ஒருவர். நுழைந்தவனைப் பழிக்கும் நாம் திறந்தவரை இரக்கத்தோடு மறந்துவிடுவது வழக்கம்.

பிறிதொருவன் பொருளை நெடுநாள் காத்து வருகின்றவனுக்கு ஒருநாள் அது தன் பொருளே என்று தோன்றும். வீட்டுச் சாவியை வைத்திருக்கும் உறவினர், நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பங்காளி, சங்கத்தின் கணக்கை ஆண்டுக்கணக்கில் எழுதி வருபவர் ஆகிய எல்லார்க்கும் உள்ள சோதனை இது. கட்டியங்காரன் அச்சோதனையில் தோற்றான். தோற்றதனை அவன் எவ்வாறு சொன்னான் என்பதே நாம் கூர்ந்து நோக்க வேண்டுவது. “எனக்கு ஆசை வந்தது” என்று அவன் சொல்லவில்லை. ஒரு தெய்வம் தன்னை நாள்தோறும் வந்து அரசனைக் கொல்லுமாறு ஏவுவதாகவும், தான் என்ன செய்வதென்றும் மந்திரிகளிடம் கூறினான். தருமதத்தன் என்பான் அச்சூழ்ச்சியை வெளிப்படையாகக் கண்டித்து அறங்கூறினான். கட்டியங்காரனின் மைத்துனனாகிய மதனனோ அவன் விருப்பத்துக்கு ஒத்து ஊதினான். அரண்மனையைப் படை சூழ்ந்தது.

அப்பொழுதுதான் சச்சந்தன் விழித்தான். கருவுற்றிருந்த விசயையை, முன்னரே செய்வித்து வைத்திருந்த மயிற்பொறியில் ஏற்றி அனுப்புமுன், நாம் எத்தனையோ பிறவிகளில் கூடியும் பிரிந்தும் வந்திருக்கின்றோம், அவற்றின் எண்ணிக்கைக்குக் கடல் மணலும் போதாது என்னும் கருத்துப்பட அவளுக்கு ஆறுதல் உரைக்கின்றான். சில நாழிகைக்கு முன்வரை அவளை விட்டு ஒரு கணமும் அகலாதவன் வாயில் இச்சொற்கள் வருகின்றன. நல்ல ஞானந்தான், ஆனால் வாயிலில் பகைவன் நிற்கும்போது வந்த ஞானம். போரில் மாண்டான். மயிற்பொறி நகர்ப்புறத்துச் சுடுகாட்டில் இறங்க, அங்கே அரசி ஈன்ற மகவை, இறந்த தன் குழந்தையை அடக்கம் செய்ய வந்த கந்துக்கடன் என்னும் வணிகன் எடுத்துச் சென்று வளர்த்தான். அம்மகவே சீவகன். தாய் தண்டகாரணியத்துத் தவப்பள்ளியைச் சேர்ந்தாள்.

சீவகனிடம் குறை உண்டா என்று கேட்டால், நம்மவர் பலர் முகம் சுளிப்பர். சரம சரீரி, அப்பிறவியிலேயே முத்தி எய்தியவன், அவனிடம் குறை காண்பதா? காவியம் குறையில்லாத ஒருவனைக் காட்டத் தொடங்கவில்லை என்பது நம் கருத்து. குறையில்லாதவனுக்கு வைராக்கியம் எதற்கு? பதின்மூன்று இலம்பகம் எதற்கு? ஆசிரியர் அச்சணந்தி, வேறு யாருக்கோ நேர்ந்தது போலக் கதையாகத் தொடங்கி, அவன் பிறப்பை அவனுக்கு உணர்த்தியபோது சீவகன் மயங்கி வீழ்ந்தான். எழுந்தவுடன் சினம் பொங்கிற்று. அன்றே கட்டியங்காரனைக் கொல்லப் புறப்பட்டிருப்பான். ஓர் யாண்டு பொறுத்திரு என்று ஆசிரியர் வரம் கேட்டு அவனை நிறுத்தினார். பிற்பாடு கட்டியங்காரனின் ஆட்கள் அவனைப் பிணிக்க வந்தபோது, அவர்களைச் சிதறடிக்கும் ஆற்றல் இருந்தும் அவன் பிணிப்புண்டு நின்றது அந்த வாக்கினால்தான். இங்கே பகைவன் அவனுக்குப் பொறுமை கற்பித்தான் எனலாம். ஆனால் இது வெளியில் கட்டிய கரை. உள்ளே வெள்ளம் வற்றவில்லை. குரோதம் அடங்கியிருந்ததேயன்றி அகலவில்லை.

போகத்தைப் பற்றியோ சொல்லவே வேண்டா. மணநூல் என்றே இந்நூலுக்குப் பெயர் வழங்கிற்று. காந்தருவதத்தை முதல் இலக்கணை ஈறாக எண்மரை மணந்தான். இல்லற நெறியில் நின்று இதனைக் குற்றம் என்று நாம் கூறவில்லை. அக்காலத்து அரசர் வழக்கம் அது. ஆயினும் தந்தையை வீழ்த்திய விதை எதுவோ அதே விதை மகனிடத்தும் உண்டு என்பதைத் தேவர் மறைக்கவில்லை. தந்தை ஒருத்தியினிடம் பற்று வைத்து நாட்டை இழந்தான். மகன் எண்மரையும் நாட்டையும் ஒருங்கே பெற்றான். பெற்றவனுக்குப் பற்று குறையுமா, கூடுமா?

மாமன் கோவிந்தனிடம் சென்று சேர்ந்தபின், கட்டியங்காரனிடமிருந்து அம்மன்னனுக்கு ஓர் ஓலை வருகின்றது. சச்சந்தன் இறந்தது மதயானையால், பழி வீணே தன்மேல் வந்தது என்று அதில் கண்டிருந்தது. முன்னே தெய்வம், பின்னே யானை! வாழ்நாள் முழுவதும் அவன் சொன்ன கதை எதிலும் ‘நான்’ என்ற சொல் குற்றத்தின் அருகில் வருவதே இல்லை. நம் சாத்திரம் கூறும் நான்கு கஷாயங்களுள் அவனை லோபத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது மரபு. நாமோ மாயைக்கே அவனை எடுத்துக்காட்டாகச் சொல்வோம். ஆசை எல்லார்க்கும் வரும்; வந்த ஆசைக்குப் பிறிதொரு பெயர் சூட்டி அதனைத் தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்வதில்தான் அவன் கைதேர்ந்தவன்.

திரிபன்றியை வீழ்த்திய சீவகன் யார் என்பது வெளியாகியது; போர் மூண்டது; கட்டியங்காரன் மாண்டான். அரியணை மீண்டது. தாய் விசயை தன்னைக் காத்த மயிற்பொறியைச் சித்திரமாக எழுதுவித்தாள். மகனைப் பெற்ற சுடுகாட்டில் குழந்தைகளுக்கு உணவளிக்கும் அறச்சாலை அமைத்தாள். பின்னர் வளர்த்த தாய் சுநந்தையோடு துறவு பூண்டாள். (இரு தாயரும் ஒருங்கே துறந்த இப்பகுதியை நம் சகோதரிகள் தனியே படிக்க வேண்டும், அதனை வேறோர் இதழில் எழுத எண்ணம்.) சீவகன் துறக்கவில்லை. அவன் ஆண்டான், இன்புற்றான், மக்களைப் பெற்றான். கதை இங்கே முடிந்திருந்தால் அது பழிவாங்கிய வீரன் கதையாகவே நின்றிருக்கும்.

ஒருநாள் தேவிமாரோடு சோலையில் இன்பமாகப் பொழுது போக்கிக்கொண்டிருக்கின்றான். அங்கே ஒரு குரங்கு பலாப்பழம் ஒன்றைத் தன் துணைக்குக் கொடுத்து மகிழ்கின்றது. சோலையைக் காக்கும் இளைஞன் வந்து, குரங்குகளை வெருட்டிவிட்டுப் பழத்தைப் பறித்துக்கொள்கின்றான். அவ்வளவே நிகழ்ச்சி. எந்தத் தோப்பிலும் எந்த நாளிலும் காணக்கூடியது. நம்மில் யாரேனும் அங்கு இருந்திருந்தால் சிரித்திருப்போம்.

நாம் பள்ளியில் இக்கதையைச் சொல்லி இவ்விடத்தில் நிறுத்தி, “குரங்கு யாரைப் போன்றது? காவலன் யாரைப் போன்றவன்?” என்று கேட்பது வழக்கம். ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பித்த முறை அது. விடையைக் கூறுமுன் வினாவை மாணவர் கையில் வைத்துவிட வேண்டும். எத்தனையோ ஆண்டுகள் எத்தனையோ வகுப்புகளில் கேட்டிருக்கின்றோம். பெரும்பாலான பிள்ளைகளின் விடை ஒன்றே: பழத்தைப் பறிகொடுத்த குரங்கு சச்சந்தன், பறித்த காவலன் கட்டியங்காரன். மிகப் பொருத்தமான விடை. துணையோடு இன்புற்றிருந்தவன், அந்த இன்பத்தின் நடுவே பறிகொடுத்தவன், வலியவனிடம் தோற்றவன் சச்சந்தன் அல்லனோ? தந்தையைப் பறிகொடுத்த மகன் ஒரு பறிப்பைக் கண்ணெதிரே கண்டால் அவன் நெஞ்சில் முதலில் எழவேண்டிய ஒப்புமை இதுதான். பெரியவர்களிடம் கேட்டாலும் இதையே சொல்கின்றனர்.

சீவகன் சொன்ன விடை வேறு. பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரனைப் போன்றது. பறித்துக்கொண்ட இளைஞன் தன்னைப் போன்றவன். பழம் அரச போகத்தைப் போன்றது. இவ்வாறு உணர்ந்த அக்கணத்தில் அவனுக்கு மெய்யுணர்வு தோன்றிற்று என்கின்றார் தேவர். வாதீபசிம்மர் வடமொழியில் செய்த க்ஷத்ரசூடாமணியிலும் இதே நிகழ்ச்சி, இதே ஒப்புமை. குரங்கு பகைவன், காவலன் தான், கனி அரசு. இரு நூல்களிலும் மாறாமல் நிற்கும் இவ்விடம், இக்கதையின் உயிர்நிலை என்பதில் ஐயமில்லை.

பிள்ளைகளின் விடைக்கும் சீவகனின் விடைக்கும் இடையில் உள்ள தொலைவை அளந்து பாருங்கள். பிள்ளைகள் சீவகனைக் கதைக்கு வெளியே நிறுத்தி விட்டனர். அவர்கள் கதையில் இருவர்தாம்: தந்தை, பகைவன். சீவகன் பார்த்து வருந்தும் மகன் மட்டுமே. சீவகனோ தன்னை உள்ளே கொண்டுவந்து நிறுத்துகின்றான். அதுவும் பறித்தவன் இடத்தில். அதனினும் கடினமான செயல் ஒன்றையும் உடன் செய்கின்றான். வாழ்நாளெல்லாம் வெறுத்த பகைவனைப் பறிகொடுத்தவன் இடத்தில், அதாவது இரங்கத்தக்கவன் இடத்தில் வைக்கின்றான். கட்டியங்காரன் தன் குற்றத்துக்குத் தெய்வத்தையும் யானையையும் காட்டினான். சீவகன் காட்ட வேண்டிய யானை எதுவும் இல்லை. அவன் வெற்றியை ஊரே அறம் என்று கொண்டாடுகின்றது. அந்நிலையில் ‘அது நான்’ என்கின்றான். பகைவன் சொல்லாமற்போன ஒரு சொல்லைச் சொல்லியதனாலேயே அவன் பகைவனினும் வேறானான்.

இவ்விடத்தில் கூரிய மாணாக்கி ஒருத்தி எழுந்து எம்மை மடக்கியது நினைவுக்கு வருகின்றது. “அப்படியானால் தம் பொருளை மீட்டவரும் திருடியவரும் ஒன்றா, அம்மா? திருடனுக்கு இது வசதியாகப் போகாதா?” என்றாள். நேர்மையான வினா. இதனை நழுவவிடலாகாது. உபதேசம் செய்வோர் பலர் இங்கே எல்லாம் மாயை, எல்லாரும் ஒன்று என்று பொதுவாகப் பேசிக் கடந்துவிடுவர். நம் சமயம் அவ்வாறு பேசுவதில்லை. அதற்காகவே நமக்கு நயங்களை வகுத்துத் தந்துள்ளனர் முன்னோர். விவகார நயத்தால் நோக்குங்கால் கட்டியங்காரன் நம்பிக்கைத் துரோகி, கொலைஞன், சீவகன் உரிமையாளன். இதில் எள்ளளவும் மாற்றமில்லை. குரங்குக் காட்சிக்குப் பின்னும் இது மாறுவதில்லை. நிச்சய நயத்தால் நோக்குங்கால் இருவருமே தமக்கு உரியதல்லாத ஒன்றை ‘எனது’ என்று பற்றியவர்கள். ஆன்மாவுக்கு வேறான பொருளை ஆன்மாவுக்கு உரியது என எண்ணியவர்கள். இரண்டு நோக்கும் மெய். ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அழிக்கலாகாது. திருடனிடம் நிச்சய நயத்தைச் சொல்லி அவனைத் தப்பவிடுவதும் பிழை; மீட்டவன் விவகார நயத்தையே பிடித்துக்கொண்டு தன் பற்றை அறம் என்று எண்ணி இறுமாப்பதும் பிழை. அம்மாணாக்கியிடம் இதனை எளிய முறையில் சொன்னோம்: “திருடனைத் திருடன் என்று சொல்லும் உரிமை உனக்கு உண்டு. அவனிடம் இருந்த ஆசை உன்னிடம் இல்லை என்று சொல்லும் உரிமை மட்டும் இல்லை.”

நம் ஜினாலயங்களில் அஷ்டமங்கலப் பொருள்களுள் கண்ணாடியும் ஒன்றாக வைக்கப்பெறுவதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் கண்ணாடித் தகடு அப்பால் இருப்பவரைக் காட்டும். பின்புறம் ரசம் பூசி ஒளி புகாதவாறு அடைத்த பின்னரே அது நம்மை நமக்குக் காட்டும். கதையில் வரும் தீயவனையும் இவ்விரு வகையாகவும் பார்க்க முடியும். அவனை ஊடுருவி அப்பாலுள்ள குற்றங்களை எண்ணிக்கொண்டே போகலாம். அல்லது அவனுடைய இருளில் நம் முகம் தெரியும்வரை நின்று பார்க்கலாம். சீவகன் கட்டியங்காரன் உயிரோடிருந்தவரை முதல் வகையாகவே பார்த்தான். சினம் இருக்கும்வரை அப்படித்தான் பார்க்க முடியும் போலும். பகைவன் இறந்து, நாடு மீண்டு, வெறுப்பதற்கு எதிரே எவரும் இல்லாதபோதுதான் அக்கண்ணாடி அவனுக்குத் தெளிந்தது. தந்தை பகைவனால் வாயிலில் நெருக்குண்டு உணர்ந்தான். மகன் எந்த நெருக்கமும் இன்றிச் சோலையில் உணர்ந்தான். இதனை மகனின் வளர்ச்சி என்று கொள்கின்றோம்.

இப்பகுதியை ஏட்டளவில் நிறுத்தாமைக்கு ஒரு காரணம் உண்டு. நமக்குத் தெரிந்த ஓர் ஊரில், பெயர் வேண்டா, உடன்பிறந்தார் இருவரிடையே நஞ்சை நிலம் பற்றி வழக்கு. மூத்தவர் வெளியூரில் உத்தியோகம் பார்த்தவர். இளையவர் நிலத்தைப் பார்த்து வந்தவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய மூத்தவருக்குக் கிடைத்த கணக்கு அவர் எதிர்பார்த்த கணக்காக இல்லை. நியாயம் பெரும்பாலும் மூத்தவர் பக்கமே என்பதை ஊராரும் ஒப்புவர். அதுமுதல் அவ்வில்லத்தில் இளையவருக்குப் பெயர் ‘கட்டியங்காரன்’ ஆயிற்று. பேரப்பிள்ளைகளும் சின்னத் தாத்தாவை அப்பெயராலேயே குறிப்பிட்டனர். சிந்தாமணி படித்த குடும்பம் அல்லவா, வசைக்கும் காவியம் துணை வந்தது! சதுர்மாத நாளில் அவ்வில்லத்தில் சுவாத்தியாயம் நடந்தபோது முத்தியிலம்பகத்தின் இப்பகுதியைப் படிக்கும் முறை எமக்கு வந்தது. படித்தோம், பொருள் கூறினோம், வேறெதுவும் கூறவில்லை. குரங்கு யார் என்ற இடம் வந்தபோது அப்பெரியவர் விசிறியைக் கீழே வைத்துவிட்டார். “இன்னொரு முறை படியுங்கள்” என்றார். படித்தோம். வழக்கு தீர்ந்ததா என்று கேட்பீர்களாயின், தீரவில்லை. நீதிமன்றத்தில் அது தன் வழியே சென்றது. ஆனால் அப்பெயர் அவ்வில்லத்தில் அதன்பின் ஒலிக்கவில்லை என்று அவ்வீட்டு மருமகள் எம்மிடம் சொன்னாள். வழக்குரைப்பது விவகாரம், அதனை அவர் கைவிட வேண்டியதில்லை. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் எங்கே தொடங்குகின்றது என்பதற்கு இதனைவிட நல்ல விளக்கம் எமக்குத் தெரியவில்லை.

பகைவன் எதிர்நின்றால் எல்லாரும் வளர்ந்துவிடுவர் என்றும் எண்ணற்க. பார்சுவநாத பகவானின் முற்பிறவிக் கதையில் வரும் கமடனையும் மருபூதியையும் நினையுங்கள். தமையன் கமடன் செய்த தீங்கை மன்னித்து அவனை வணங்கச் சென்ற மருபூதியின்மேல் அவன் கல்லை எறிந்து கொன்றான். மருபூதி நல்லவன், ஆயினும் உயிர் பிரியும் வேளையில் ஆர்த்தத் தியானத்தில் ஆழ்ந்தமையால் யானையாகப் பிறந்தான். பகைவன் தந்த துன்பம் அன்று அவனுக்குக் கண்ணாடியாகவில்லை, புண்ணாகவே நின்றது. பிறவிகள் பல கடந்தே அவ்வுயிர் பார்சுவநாதராகப் பொறுமையின் வடிவாக நின்றது. கழுகுமலைப் பாறையில், பெரும்பாறையைத் தூக்கி நிற்கும் கமடனையும், அசையாது நிற்கும் பகவானையும் ஒருங்கே செதுக்கியிருப்பதைக் கண்டோர், அச்சிற்பத்துக்குப் பின்னே எத்தனை பிறவிகள் உள என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சீவகனுக்கு ஒரு பிறவியில் கிட்டிய தெளிவை நாம் எளிதாக மதித்துவிடலாகாது.

ஒரு பிறவியில் என்றோம். அதுவும் முழுதும் சரியன்று. சோலையிலிருந்து திரும்பிய சீவகன் சாரண முனிவரை வணங்கி அறங்கேட்டுத் தன் முற்பிறப்பையும் கேட்கின்றான். முனிவர் கூறிய வரலாறு, குரங்குக் காட்சியினும் ஆழமாக அவனைத் துளைத்திருக்க வேண்டும். முற்பிறப்பில் அவன் அசோதரன் என்னும் அரசகுமாரன். தேவிமாரோடு பொய்கையில் விளையாடச் சென்றபோது அன்னப்பார்ப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து அரண்மனையில் வளர்த்தான். துன்புறுத்தவில்லை, பாலூட்டினான், சீராட்டினான். ஆயினும் தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் பிரிவால் தவித்தன. இதனை அறிந்த அவன் தந்தை, உயிரைப் பிரித்தலும் சிறைப்படுத்தலும் தீவினை என்று அறிவுறுத்தினார். அசோதரன் வருந்தித் துறவு மேற்கொண்டான். அவ்வினையின் எச்சமே இப்பிறப்பில் பிறந்த அன்றே தாயைப் பிரிந்து, தந்தையை இழந்து, பிறர் மனையில் வளர நேர்ந்தது.

இப்போது வரிசையைப் பாருங்கள். தாயினின்று தன்னைப் பிரித்தவன் கட்டியங்காரன் என்று எண்ணியிருந்தான் சீவகன். அதற்கும் முன்னே ஒரு பொய்கைக்கரையில் ஒரு குஞ்சைத் தாயினின்று பிரித்த கை அவனுடைய கையே. அந்த அன்னங்களின் கதையை அவை பாடக்கூடுமாயின், அக்கதையில் கட்டியங்காரன் யார்? நம் ஆகமம் உபாதான காரணம் என்றும் நிமித்த காரணம் என்றும் பிரித்துக் கூறுவது இதற்கே. சீவகனின் பிரிவுக்கு உபாதானம் அவனுடைய வினை; கட்டியங்காரன் நிமித்தம். நிமித்தமானதனால் கட்டியங்காரனின் பாவம் குறைந்துவிடவில்லை. தன் ரௌத்திரத் தியானத்தின் பயனை அவன் தனியே துய்த்தாக வேண்டும். ஆனால் சீவகன் இனி அவனை வெறுப்பதற்கு ஒன்றும் எஞ்சவில்லை.

அசோதரன் குஞ்சை அன்பினால்தான் வைத்திருந்தான் என்பதை நாம் பிள்ளைகளிடம் வற்புறுத்திச் சொல்வோம். சச்சந்தன் விசயையை அன்பினால்தான் விட்டு அகலாதிருந்தான். கூண்டுக்கிளி வளர்க்கும் சிறுவனும் அன்பினால்தான் வளர்க்கின்றான். தீமை எப்பொழுதும் கட்டியங்காரனின் முகத்தோடு வருவதில்லை என்பதைப் பத்து வயதுப் பிள்ளை அறிந்துகொள்வது நன்று.

1887ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் அவர்கள் இந்நூலை அச்சிற் கொணர்வதற்கு முன், கும்பகோணத்துச் சமண இல்லங்களை நாடி வந்து ஐயம் தெளிந்தார் என்பது யாவரும் அறிந்ததே. அன்று நம் முன்னோர் இக்காவியத்தைச் செவிவழியாகவும் வாய்வழியாகவும் காத்து வைத்திருந்தமையால் அது இயன்றது. இன்று நூல் கடையில் கிடைக்கின்றது. படிக்கும் வீடுதான் அருகிவிட்டது. ஆதலின் இல்லங்களில் பிள்ளைகளோடு இப்பகுதியைப் படிக்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள் கூறுவோம். முத்தியிலம்பகத்தின் சோலைக் காட்சியை முதலில் கதையாகச் சொல்லுங்கள். குரங்கு யார், காவலன் யார் என்று கேளுங்கள். சச்சந்தன், கட்டியங்காரன் என்ற விடை வந்தால் தவறு என்று சொல்ல வேண்டா, “அவ்விடையில் சீவகன் எங்கே நிற்கின்றான்?” என்று மட்டும் கேட்டு விடுங்கள். பின்னர் சீவகனின் விடையைச் சொல்லி, கட்டியங்காரன் அச்சோலையில் இருந்திருந்தால் என்ன விடை சொல்லியிருப்பான் என்று கேளுங்கள். பெரிய பிள்ளைகளாயின், தருமதத்தனின் அறிவுரையைக் கட்டியங்காரன் கேட்டிருந்தால் அவன் கதை எவ்வாறு சென்றிருக்கும் என எழுதச் சொல்லுங்கள். அன்னப்பார்ப்பின் வரலாற்றை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் சொன்னால் பிள்ளைகள் தாங்கார்.

கதையின் எஞ்சிய பகுதியை அவர்களே படித்துக்கொள்வர். சீவகன் பகவான் மகாவீரரின் சமவசரணத்தை அடைந்து தீட்சை பெற்றதும், சேணிக மன்னர் அம்முனிவரின் பேரொளியைக் கண்டு வியந்ததும் அதில் உள. புறப்படுமுன் அவன் செய்த ஒன்றைப் பிள்ளைகள் கவனிக்கின்றனரா என்று பாருங்கள். அந்தப் பலாப்பழத்தை அவன் இம்முறை எவராலும் பறிக்கப்படாமல் தானே கொடுத்தான். பெற்றுக்கொண்டவன் காந்தருவதத்தையின் மகன். பாட்டனாரின் பெயரே அவனுக்கும், சச்சந்தன்.